கற்பித்தவனின் கடனும் கற்றவனின் கூலியும்

கல்வியைக் கொடையாகக் கருதும் மரபு தமிழ்ச் சமுதாயத்திற் பழமையானது. கொடுக்கக் குறையாத செல்வம் எனவும், கள்வராற் கவரவொண்ணாத பொருள் எனவும் அது போற்றப்பட்டு வந்துள்ளது. கூலியோ சந்தையைச் சார்ந்தது, அளந்து கொடுக்கப்படுவது, கொடுத்த மாத்திரத்தில் தீர்ந்து போவது. கொடையும் கூலியும் வெவ்வேறு உலகங்களைச் சேர்ந்தனவாக இருந்த வரையில் அவற்றிடையே பிணக்கு எழ இடமில்லை. கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் தோன்றி, அவற்றிற் கற்றவரே அங்கு ஊழியராகவும் அமரத் தொடங்கியபோது, இரண்டும் ஒரே கூரையின் கீழ் வந்துவிட்டன. அங்கு ஊழியன் பெறுவது எதுவரை கொடை? அவன் தருவது எப்போது தொடக்கம் உழைப்பு? கற்பித்தவனுக்கு அவன் கடன்பட்டவனா, அன்றிக் கற்பித்தவனே அவனுக்குக் கூலி கொடுக்கக் கடமைப்பட்டவனா? மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது முகாமைத்துவப் பிரச்சினையாகத் தோன்றலாம். ஆயினும் ஒரு மனிதன் மற்றொருவனுக்கு எதன் பொருட்டு, எவ்வளவு காலம், எந்த அளவிற் கடன்படலாம் என்னும் அறவியல் வினாவே இதன் அடியில் உள்ளது.

இவ்வினாவை ஏட்டளவில் மட்டும் ஆராயாது ஓர் ஊரின் வாழ்க்கையோடு பொருத்தி ஆராய்தல் பயனுடையது. அதற்குக் கல்முனைப் பிரதேசம் பொருத்தமான களமாக அமைகின்றது. 1961ஆம் ஆண்டு மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து பிரித்தமைக்கப்பட்ட அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில், மேற்கே வயலும் கிழக்கே கடலும் எல்லையாக, பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கும் பகுதி இது. முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்து வாழும் இவ்வூர்களில் உழவு, மீன்பிடி, நெசவு, வாணிபம் ஆகிய நான்கும் நெடுங்காலத் தொழில்களாகும். இவற்றைக் கற்பதற்கெனத் தனியிடம் எதுவும் இருந்ததில்லை. தோணியிற் சென்றவன் வலை இழுக்கக் கற்றான். கடையில் நின்றவன் கணக்கெழுதக் கற்றான். தொழில் செய்யுமிடமே தொழில் கற்குமிடமாகவும் விளங்கியது.

மருதமுனையின் கைத்தறி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். சாரமும் சேலையும் நெய்து பெயர் பெற்ற அவ்வூர்த் தொழிலில், தறியில் அமருமுன் இளைஞன் தார் சுற்றுவான். அறுந்த இழையைப் பிணைக்கக் கற்பான். பாவு ஓட்டும்போது உடனிருந்து உதவுவான். அதன் பின்னரே நாடாவை எறியும் கைப்பழக்கம் அவனுக்கு வாய்க்கும். கைத்தறித் தொழிலிற் பெரும்பாலும் நெய்த அளவுக்கே கூலி. ஆகவே கற்பவனாக இருந்தவன் நெய்பவனாக மாறிய நாள் எதுவென்பதைத் தறியிலிருந்து அறுத்தெடுக்கும் துணியே காட்டிவிடும். அத்துணி விலைபோன பின்னர், அவன் இன்னும் பழகுபவனே என்று எவரும் வாதிட முடியாது. அத்தொழிலில் அநீதியே இருக்கவில்லை என்பது இதன் பொருளன்று. நூலையும் முற்பணத்தையும் கொடுத்து நெசவாளனைக் கடனுக்குள் வைத்திருக்கும் வழக்கம் கைத்தறி உலகெங்கும் அறியப்பட்டதே. எனினும் அக்கடன் பணக்கடன். எழுதவும் கூட்டவும் கழிக்கவும் இயன்றது. 'உனக்குத் தொழில் பழக்கினேன்' என்று சொல்லப்படும் கடனுக்கோ அத்தகைய கணக்கேடு எதுவுமில்லை.

1977ஆம் ஆண்டின் திறந்த பொருளாதாரக் கொள்கையை அடுத்து வெளிநாட்டுத் துணிவகைகள் நாட்டிற் பெருகின. உள்ளூர்க் கைத்தறி தளர்வுற்றது. மத்திய கிழக்கு நாடுகளில் வேலைவாய்ப்புப் பெருகியமையும் கரையோர இளைஞரின் நோக்கை வேறு திசையில் திருப்பியது. 2004 டிசம்பர் 26ஆம் திகதிய கடற்கோள் மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கரையோரக் குடியிருப்புக்களை அழித்துச் சென்றது. அதன் பின்னர் வந்த நிவாரண நிறுவனங்களில் ஆங்கிலமும் கணினியும் அறிந்தோர்க்கே இடங் கிடைத்தது. இங்ஙனம் தறியையும் தோணியையும் விட்டுச் சான்றிதழை நாடும் தலைமுறையொன்று உருவாயிற்று. அரசும் இத்துறையிற் படிப்படியாகச் சட்டங்களை இயற்றியது. 1971ஆம் ஆண்டின் 49ஆம் இலக்கத் தேசியப் பயிலுநர் சட்டம், 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க மூன்றாம் நிலை, தொழிற்கல்விச் சட்டம், 1995ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சி அதிகாரசபைச் சட்டம் என்பன அவற்றுட் சில. இவற்றின் அருகே கணினி, ஆங்கிலம், கணக்கியல், தாதியர் உதவி, அழகுக்கலை எனப் பல நெறிகளையும் விலைக்குக் கற்பிக்கும் தனியார் நிலையங்களும் நகரந்தோறும் எழுந்தன.

இத்தகைய நிலையமொன்றைக் கற்பனையில் உருவகித்துக் கொள்ளலாம். பிரதான வீதியில், கடையொன்றின் மேன்மாடியில் அது இயங்குகின்றது. க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதிப் பல்கலைக்கழக அனுமதி கிட்டாத பெண்ணொருத்தி கட்டணஞ் செலுத்தி ஆறு மாத நெறியொன்றிற் சேர்கின்றாள். திறமையாகக் கற்கின்றாள். நெறி முடிவில் உரிமையாளர் அவளை அழைத்து, 'இங்கேயே இருந்து பழகு மகள்' என்கிறார். அன்று முதல் அவள் பயிலுநர் போதனாசிரியை. நியமனக் கடிதம் இல்லை; சம்பளமென ஒன்றில்லை; போக்குவரத்துச் செலவுக்கென ஒரு சிறுதொகை உண்டு. காலை வகுப்பு அவளுடையது. மாலையில் வரவிடாப்பு, கட்டண நிலுவை, புதிய மாணவரைச் சேர்ப்பதற்கான வீட்டுத் தரிசனம் ஆகியனவும் அவளுடையவே. ஓராண்டு கழிகின்றது. இரண்டாவது அணி மாணவர் அவளிடங் கற்று வெளியேறிவிட்டனர். அவளோ இன்னும் பயிலுநர். அரசாங்க வேலையொன்றுக்கு விண்ணப்பிப்பதற்காகச் சேவைச் சான்றிதழ் கேட்கும்போது, 'இரண்டு வருடம் முடியட்டும், பார்க்கலாம்' என்ற விடை கிடைக்கின்றது. வற்புறுத்திக் கேட்பின், 'கீபோர்டில் விரல் வைக்கத் தெரியாமல் வந்தவள் நீ' என்ற சொல்லும் உடன் வருகின்றது.

இவ்வுருவகத்தில் அடியோ உதையோ இல்லை. உரிமையாளர் கொடியவருமல்லர், நோன்புப் பெருநாளுக்கு ஊழியர்க்குப் புடவை கொடுப்பவராகவும் அவர் இருக்கக்கூடும். அவ்வாறிருந்தும் அவ்விடத்தில் ஏதோவொன்று பிழையாக உள்ளது என்ற உணர்வு எழுகின்றது. அவ்வுணர்வு நியாயமானதா என்பதை அறிவதற்கு, அங்கு சம்பளத்தின் இடத்தில் வைக்கப்பட்டுள்ள இரு சொற்களை ஆராய்தல் வேண்டும். ஒன்று 'நன்றி', மற்றையது 'குடும்பம்'.

நன்றி என்னும் பண்பு உயர்ந்தது. திருக்குறளிற் செய்ந்நன்றியறிதல் தனி அதிகாரமாக அமைந்துள்ளமை அதன் சிறப்புக்குச் சான்று. ஆயினும் நன்றியறிதல் பெற்றவனுக்கு உரைக்கப்பட்ட அறம் என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. கொடுத்தவன் அதனைக் கேட்டு வாங்கும் உரிமையுடையவன் என அவ்வறம் கூறுவதில்லை. நன்றி தானாக ஊறும் வரையில் அது பண்பு. கேட்கப்படும்போது அது கடனாகிவிடுகின்றது. கடனென்றால் அதற்குத் தொகை வேண்டும், தவணை வேண்டும், தீர்ந்ததென்று எழுதும் நாளும் வேண்டும். உருவகித்த நிலையத்தில் நன்றி கடனைப் போன்று வசூலிக்கப்படுகின்றது. ஆனால் கடனுக்குரிய எல்லை எதுவும் அதற்கு வகுக்கப்படவில்லை. பண்பின் பெயரைச் சொல்லிக் கடனைப் பெறுவதும், கடனின் கணக்கைக் கேட்டாற் பண்பின் பெயரைச் சொல்லி வாயடைப்பதுமாகிய இவ்விரட்டை நிலையே முதலாவது பிழையாகும்.

நன்னூலின் பொதுப்பாயிரம் இங்கு ஒளி தருகின்றது. பவணந்தி முனிவர் மாணாக்கனது இயல்பைக் கூறுமுன் ஆசிரியனது இயல்பைக் கூறுகின்றார். ஆசிரியனை நிலத்துக்கும் மலைக்கும் நிறைகோலுக்கும் மலருக்கும் ஒப்பிடுகின்றார். நான்கனுள் நிறைகோல் ஒன்றாக இருப்பது கருதத்தக்கது. நிலத்தின் பொறுமையும் மலரின் மென்மையும் அமைந்துவிட்டாற் போதாது. தராசின் நடுநிலையும் ஆசிரியனிடத்து வேண்டப்பட்டது. மேலும், பாடங் கேட்டற்குரியோரை வகைப்படுத்தும்போது பொருளை மிகுதியாகக் கொடுப்பவனையும் வழிபாடு செய்பவனையும் அந்நூல் தனித்தனி வகையினராக வைக்கின்றது. பொருள் கொடுப்பவன் ஒருவன். பணிவிடை செய்பவன் மற்றொருவன். கட்டணமும் செலுத்தி, அதன் பின்னர்ப் பணிவிடையும் செய்து, அப்பணிவிடைக்கும் முடிவு காணாத மாணாக்கனொருவனை அவ்வகைப்பாடு அறியவில்லை.

இஸ்லாமிய சிந்தனை மரபும் இதனையே வேறொரு வகையில் உணர்த்துகின்றது. 1091ஆம் ஆண்டு பக்தாதின் நிஸாமிய்யாக் கலாசாலையிற் பேராசிரியராக அமர்ந்து, 1095இல் அப்பதவியைத் துறந்து வெளியேறிய இமாம் கஸ்ஸாலி, தமது இஹ்யா உலூமித்தீன் என்னும் பெருநூலில் ஆசிரியனின் கடமைகளை வரிசைப்படுத்தியுள்ளார். மாணவரைத் தம் மக்களைப் போன்று நோக்குதல் அவற்றுள் முதலாவது. கற்பித்தலை உபகாரமாகச் சொல்லிக்காட்டாதிருத்தல் அதனை அடுத்தது. மாணவன் தனது உள்ளமாகிய நிலத்தை ஆசிரியன் விதைப்பதற்கு இரவலாகக் கொடுத்தவன். ஆகவே பயனடைபவன் ஆசிரியனே என்பது அவரது விளக்கம். வயற்காணியைக் குத்தகைக்கு விட்டும் எடுத்தும் வாழும் கல்முனை மக்களுக்கு இவ்வுவமையை விளக்கவேண்டியதில்லை. கஸ்ஸாலி பேசியது சமய அறிவைப் பற்றியதென்றும், கணினிப் பயிற்சிக்குக் கட்டணம் வாங்குவது தவறன்று என்றும் மறுத்துரைக்கலாம். அம்மறுப்பு ஏற்கத்தக்கதே. கட்டணம் வாங்குவதில் இழுக்கில்லை. ஆனால் கட்டணம் வாங்கியவுடன் அக்கற்பித்தல் விற்றுத் தீர்ந்த பொருளாகின்றது. விற்ற பொருளுக்கு விலையும் பெற்று, அதனையே கொடையாகவும் சொல்லிக்காட்டுதல் ஒரே காணியை இருவருக்கு எழுதிக்கொடுத்தலை ஒக்கும்.

இனிக் 'குடும்பம்' என்னும் சொல்லை நோக்கலாம். 'இது கம்பனியில்லை, நாமெல்லாம் ஒரு குடும்பம்' என்னும் வாசகம் சிறு நிறுவனங்கள் பலவற்றிற் கேட்பது. கிழக்கிலங்கைச் சமூகத்தில் அது வெறும் உவமையாக நின்றுவிடுவதுமில்லை. உரிமையாளர் உண்மையிலேயே வாப்பாவின் நண்பராகவோ மாமியின் உறவினராகவோ இருப்பார். ஆனால் குடும்பத்துக்கு இரு பக்கங்கள் உள. குடும்பத்தில் உழைப்புக்குக் கூலி கேட்கப்படுவதில்லை. அதற்கீடாக நோயிற் பராமரிப்பு உண்டு, வறுமையிற் பங்குண்டு, சொத்தில் உரிமையும் உண்டு. நிறுவனம் குடும்பத்தின் முதற்பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கின்றது. கட்டணம் நிறையச் சேர்ந்த மாதத்தில் அவ்வூழியை உறவினளாகக் கருதப்பட்டுப் பங்கு பெறுவதில்லை. மாணவர் குறைந்த மாதத்தில் மட்டும் உறவினளாகப் பொறுத்துக்கொள்ளுமாறு கேட்கப்படுகின்றாள்.

பழைய வேதங்களும் உறவினரிடையிலான ஊழியத்தை ஆராய்ந்துள்ளன. விவிலியத்தின் ஆதியாகமத்தில் யாக்கோபு தனது தாய்மாமன் லாபானிடம் வேலைக்கமர்கின்றான். உறவினன் என்பதற்காக வீணே உழைக்கலாகாது, கூலியைச் சொல் என்று தொடக்கத்திற் கேட்டவன் லாபானே. ஆயினும் ஏழாண்டு உழைப்பின் முடிவில் ராகேலுக்குப் பதிலாக லேயாளைக் கொடுத்து, மேலும் ஏழாண்டு உழைப்பைப் பெற்றவனும் அவனே. பின்னர் பத்து முறை கூலியை மாற்றினான் என்பது யாக்கோபின் முறைப்பாடு. அல்குர்ஆனின் 28ஆம் அத்தியாயத்தில் இதற்கு நேர்மாறான காட்சியொன்று வருகின்றது. மத்யனிற் புகலடைந்த மூஸா நபியிடம் அங்குள்ள முதியவர் தம் மகளை மணமுடித்துத் தருவதற்கு எட்டாண்டு ஊழியத்தைக் கேட்கின்றார். பத்தாண்டாகப் பூர்த்தி செய்தால் அது மூஸாவின் சொந்த விருப்பம் என்றும், தாம் அவரைச் சிரமப்படுத்த நாடவில்லை என்றும் அவரே கூறிவிடுகின்றார். காலம் முன்னரே சொல்லப்பட்டது; அதற்கு மேற்பட்டது உழைப்பவனின் கொடையெனப் பிரித்துக் காட்டப்பட்டது; சுமை மிகாது என்ற உறுதியும் கொடுக்கப்பட்டது. லாபானுக்கும் இம்முதியவருக்கும் உள்ள வேறுபாடு அன்பின் அளவில் தங்கியிருக்கவில்லை. ஒருவர் சொன்ன எல்லையிலே நின்றார். மற்றவர் எல்லையைத் தம் கையில் வைத்துக்கொண்டார்.

மகாபாரதத்தின் ஏகலைவன் கதையும் இவ்விடத்து நினைவுக்கு வருகின்றது. துரோணர் அவனுக்குக் கற்பித்ததில்லை, கற்பிக்க மறுத்தவர். மண்ணுருவை முன்வைத்துத் தானே பயின்றவனிடம் அவர் குருதட்சணையாகக் கட்டைவிரலைக் கேட்டார். அவன் கொடுத்தமை பெருந்தன்மையென நெடுங்காலம் போற்றப்பட்டது. அவர் கேட்டமை எத்தகையது என்ற வினா பிற்காலத்திலேயே உரத்து எழுந்தது. கேட்கப்பட்டது எதுவென்பதைக் கருதுதல் தகும். வில்லாளிக்கு விரல், அவன் கற்ற வித்தை வேறிடத்திற் பயன்படுவதற்கான கருவி. இன்று சேவைச் சான்றிதழைத் தடுத்து வைத்தல் உடலைக் காயப்படுத்துவதன்று. ஆயினும் கற்றவள் தான் கற்றதை வேறிடத்திற் பயன்படுத்த முடியாமற் செய்யும் அளவில் அதுவும் அவ்வகையைச் சார்ந்ததே எனலாம்.

இலங்கையின் தொழிற்சட்டம் இவ்வினாவுக்கு விடையளிக்காமல் இல்லை. 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் தொழிலாளன் என்ற சொல்லுக்கு வரைவிலக்கணம் கூறும்போது, ஒப்பந்தம் எழுத்திலிருப்பினும் வாய்மொழியாயினும், வெளிப்படையாயினும் உட்கிடையாயினும், அது சேவை ஒப்பந்தமாயினும் பயிலுநர் ஒப்பந்தமாயினும் அதன்கீழ் உழைப்பவன் தொழிலாளனே என்று கொள்கின்றது. பயிலுநர் என்று பெயரிட்டதனால் ஒருவர் தொழிலாளர் என்னும் வட்டத்துக்கு வெளியே சென்றுவிடுவதில்லை. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்ற வரம்பை விதித்ததோடு, வேலை நிபந்தனைகளை எழுத்திற் கொடுக்குமாறும் பணித்தது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் ஊழியர் சேமலாப நிதி ஏற்பட்டது; ஊழியர் 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் அதற்குச் செலுத்துகின்றனர். 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் தேசியக் குறைந்தபட்ச வேதனத்தை மாதத்துக்கு 10,000 ரூபாவாக விதித்தது. 2021இல் அது 12,500 ரூபாவாக்கப்பட்டு, பின்னரும் உயர்த்தப்பட்டது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது குறை ஏன் தொடர்கின்றது? சிறுநகரத்தில் தொழில் நியாயசபைக்கு முறையிடுதல் ஓர் உரிமையாளரோடு மட்டும் பிணங்குவதாக முடிவதில்லை. அவருடைய உறவினர், அவருடைய பள்ளிவாசல் மஹல்லா, அவரிடங் கற்ற அயலவர் யாவரோடும் அது பிணக்காகின்றது. பெண்ணாயின், 'அவள் வழக்குக்குப் போனவள்' என்னும் பேச்சு திருமணப் பேச்சு வரையும் தொடரலாம். எனவே அவள் வழக்காடுவதில்லை, ஒருநாள் நின்றுவிடுகின்றாள். அவள் நின்ற இடத்துக்கு அடுத்த அணியின் திறமைசாலி வருகின்றாள். உழைத்தவரின் கூலியைத் தாமதியாது கொடுத்துவிடுமாறு நபிகளார் போதித்தமை இப்பகுதியில் அறியாதார் இல்லை. ஆயினும் அப்போதனை கூலியாளை மட்டும் நினைத்துக் கேட்கப்படுகின்றது. வயலில் வெட்டியவனின் கூலியை அந்திக்குள் கொடுக்க விரையும் கை, வகுப்பறையிற் கற்பித்தவளுக்குக் கூலி கொடுக்கத் தயங்குவதன் காரணம், அவளது உழைப்பு உழைப்பாகக் கண்ணுக்குப் புலப்படாமையே.

தொழில்தருநர் தரப்பு நியாயத்தையும் புறக்கணித்தலாகாது. சிறு பயிற்சி நிலையமொன்றின் வருமானம் மாணவர் கட்டணம் மட்டுமே. வாடகையும் மின்கட்டணமும் மாணவர் தொகைக்கேற்பக் குறைவதில்லை. அன்றியும் ஓராண்டு உழைத்துப் பழக்கிய போதனாசிரியர் அடுத்த வீதியில் தாமே நிலையமொன்றைத் திறந்து மாணவரையும் உடன் அழைத்துச் செல்லக்கூடும். பழக்கியவனின் இழப்பு கற்பனையன்று. இங்கிலாந்தில் 1563ஆம் ஆண்டுச் சட்டம் ஏழாண்டுப் பயிலுகையைக் கட்டாயமாக்கியதற்கு இவ்வச்சமும் ஒரு காரணமெனக் கொள்ளலாம். ஆனால் 1776இல் தமது நூலை வெளியிட்ட ஆதம் சிமித் அவ்வேற்பாட்டைக் கண்டித்தார். பெரும்பாலான தொழில்களைக் கற்பதற்கு அத்துணை நீண்ட காலம் வேண்டியதில்லை என்றும், தொடக்கத்திலிருந்தே செய்த சிறு வேலைக்கேற்பச் சிறு கூலி கொடுத்து, பழுதாக்கிய பொருளுக்கு ஈடும் பெற்றுக்கொண்டால், பயிலுநன் கூடிய அக்கறையோடு கற்பான் என்றும் அவர் வாதிட்டார். 1814இல் அச்சட்டத்தின் பயிலுகை விதிகள் நீக்கப்பட்டன. சிமித் வேண்டிய முறை மருதமுனைத் தறிக்கு அந்நியமானதன்று. செய்த வேலை அளக்கப்பட்டாற் பயிற்சியும் கூலியும் ஒன்றையொன்று விழுங்காமல் உடனிருக்க முடியும்.

பழக்கியவனின் இழப்புக்கும் இதே வழியில் விடையுண்டு. இழப்பை ஈடுசெய்யவேண்டுமாயின் அதனை முன்கூட்டியே சொல்லலாம். 'ஆறு மாதம் பயிற்சி. அக்காலத்தில் இவ்வளவு படி. அதன் பின் இவ்வளவு சம்பளம். ஓராண்டுக்குமுன் விலகின் இவ்வளவு முன்னறிவித்தல்' என்று எழுதப்பட்ட ஒரு தாள் இரு தரப்பினரையும் காக்கும். ஜெர்மானிய மெய்யியலாளர் கான்ட் 1785இல் வெளியிட்ட அறவியல் நூலில், மனிதனை ஒருபோதும் கருவியாக மட்டும் கொள்ளாது நோக்கமாகவும் கொள்ளுதல் வேண்டும் என்று வகுத்தார். 'மட்டும்' என்ற சொல்லிலேயே அவ்விதியின் நுட்பம் தங்கியுள்ளது. ஊழியரைக் கொண்டு பயனடையலாகாது என அது கூறவில்லை. ஊழியை தனது வாழ்வைத் தானே திட்டமிடும் மனிதப்பிறவி என்பதை மறந்து அவளைப் பயன்படுத்துவதையே அது விலக்குகின்றது. எப்போது சம்பளம் வரும், எப்போது சான்றிதழ் கிடைக்கும், எப்போது தான் பயிலுநர் அல்லாதவளாவாள் என்பனவற்றை அறியாதவளால் தனது அடுத்த ஆண்டைத் திட்டமிட இயலாது. ஆகவே காலத்தைச் சொல்லாதிருத்தல் அவளது பணத்தோடு அவளது எதிர்காலத்தின்மீதுள்ள அதிகாரத்தையும் பறித்துவிடுகின்றது.

இனி, ஏனைய தொழிலிடங்களுக்கில்லாத ஒரு பொறுப்பு பயிற்சி நிலையத்துக்கு உண்டு என்பது ஈண்டு நோக்கற்பாலது. செருப்புக் கடையில் ஊழியர் அவமதிக்கப்பட்டாலும் செருப்பு செருப்பாகவே இருக்கும். பயிற்சி நிலையத்திலோ ஊழியர் நடத்தப்படும் முறை அங்கு கற்பிக்கப்படும் பொருளோடு கலந்துவிடுகின்றது. மாணவர் பார்த்துக்கொண்டிருக்க ஒரு போதனாசிரியை கடிந்துரைக்கப்படும்போது, வேலைத்தலத்தில் மேலோன் எவ்வாறு பேசலாம் என்ற பாடம் அவர்களுக்கு நடந்துவிடுகின்றது. இப்னு கல்தூன் (1332-1406) தமது முகத்திமா என்னும் நூலில் மாணவர்மீதான கடுமையின் தீமைகளை விரித்துரைத்தார். கடுமைக்குட்பட்டவன் ஊக்கமிழக்கின்றான், தண்டனைக்கஞ்சிப் பொய்யையும் வேடத்தையும் பழகுகின்றான், காலப்போக்கில் அவையே அவனது இயல்பாகிவிடுகின்றன என்பது அவரது கருத்து. ஊழியர் விடயத்திலும் இது பொருந்தும். அஞ்சி நடக்கும் போதனாசிரியர் மாணவர் வரவை மிகைப்படுத்தி எழுதுவார்; தேறாதவரையும் தேறியவராகக் காட்டுவார். இறுதியிற் கெடுவது சான்றிதழின் நம்பகமே. கஸ்ஸாலி வரிசைப்படுத்திய கடமைகளுள் இறுதியானதும் இதுவே: ஆசிரியனின் செயல் அவனது சொல்லைப் பொய்ப்பிக்கலாகாது.

திருக்குறளின் 51ஆம் அதிகாரம் தெரிந்து தெளிதல். 52ஆம் அதிகாரம் தெரிந்து வினையாடல். ஊழியரைத் தேர்ந்தெடுத்தல் ஓர் அறிவு, தேர்ந்தெடுத்தவரை வேலையில் ஆளுதல் மற்றோர் அறிவு எனப் பிரித்துக் காட்டும் இவ்வமைப்பு ஆழ்ந்த கருத்துடையது. இன்றைய பயிற்சி நிலையங்கள் முன்னதில் வல்லன. திறமைசாலியை முதல் மாதத்திலேயே இனங்கண்டுவிடுகின்றன. பின்னதிலேயே இடறுகின்றன. ஆராய்ந்தறிந்த பின்னரும் ஒருவரைத் தீராத பரீட்சையிலேயே நிறுத்தி வைத்தல், தெளிந்தவரிடத்து மீண்டும் ஐயுறுதலாகும். அதனை முகாமைத்துவமென அழைப்பினும் அறத்தின் நோக்கில் அது குறைபாடே.

முடிவாக நோக்குமிடத்து, கற்பித்தவனின் கடனும் கற்றவனின் கூலியும் ஒன்றையொன்று கழித்துத் தீர்க்கும் கணக்கின் இரு பக்கங்களல்ல என்பது பெறப்படுகின்றது. கற்றதற்கு நன்றி கூறுதல் கற்றவளின் மனத்துக்குரியது. அதனை அவள் தன் வாழ்நாள் முழுவதும் கூறலாம், கூறாதும் விடலாம். உழைத்ததற்குக் கூலி கொடுத்தல் கொடுப்பவனின் கைக்குரியது. அது மாதமுடிவில் நிகழவேண்டும். முன்னதைக் காட்டிப் பின்னதை நிறுத்துவோர் இரண்டையும் இழக்கின்றனர். கூலி கிடைக்காதவள் விலகிச் செல்கின்றாள். செல்லும்போது அவளது நன்றியும் உடன் சென்றுவிடுகின்றது. எழுதிக்கொடுத்த தாளின்படி சம்பளத்தையும், கேட்ட நாளிற் சான்றிதழையும் பெற்றுச் சென்றவளோ, பல ஆண்டுகளின் பின்னர்த் தன் தம்பியையும் மகளையும் அதே மேன்மாடிக்கு அனுப்பிவைக்கக்கூடும். மருதமுனைத் தறியில் நெய்து முடிந்த துணியை அறுத்தெடுத்த பின்னரே அடுத்த பாவு ஏற்றப்படுகின்றது. பயிலுநர் காலத்துக்கும் அவ்வாறு அறுத்தெடுக்கும் நாளொன்று குறிக்கப்பட வேண்டும். அந்நாளைக் குறிக்கவேண்டியவர் கற்பித்தவரே. ஏனெனில் அதிகாரம் அவரது கையில் உள்ளது.